அப்பா துண்டைச் சுழற்றிய நாள்

எமர்ஜென்சி முடிந்த அந்த வருடம், ஆனி மாதம். தமிழும் மலையாளமும் கலக்கும் எல்லையில், கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே, மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் வயலில் நடந்தது இது. அப்போது நான் காலேஜில் இரண்டு வருடப் பிரிடிகிரி படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். அப்பாவுக்குக் கைநாட்டு. அம்மாவுக்கு பஸ்ஸின் நிறத்தைப் பார்த்துத்தான் அது எந்த ஊருக்குப் போகிறது என்று தெரியும். அவர்கள் இருவரும் சேற்றில் நின்று என்னைக் காலேஜுக்கு அனுப்பினார்கள். நான் காலேஜ் முடித்து வந்து அதே சேற்றில் டிராக்டர் ஓட்டினேன். இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போது இன்றும் எனக்கு நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது.

அந்த வயல் முன்பு எங்களுடையதாக இருக்கவில்லை. ஊரின் பெரிய வீட்டுக்காரரிடமிருந்து பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்து எங்கள் குடும்பம் உழுதுகொண்டிருந்தது. அவரை எல்லோரும் 'பண்ணாடி' என்றுதான் கூப்பிடுவார்கள். உழுகிறவனுக்கே நிலம் என்று சட்டம் வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். நிலம் அப்பா பெயருக்கு மாறியது. ஆனால் அப்பா மாறவில்லை. பண்ணாடியின் குடை தூரத்து வரப்பில் தெரிந்தாலே போதும், அப்பாவின் தோளில் கிடக்கும் சிவப்புத் துண்டு தானாக இறங்கிக் கக்கத்துக்குள் போய்விடும். முதுகும் கொஞ்சம் வளையும்.

எனக்கு அதைப் பார்த்தால் உடம்பெல்லாம் எரியும்.

"ஏனுங்கப்பா, நம்ம வயல்ல நிக்கறக்கு நாம எதுக்குத் துண்ட எடுக்கோணும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நானெங்க எடுத்தன்? அதா எறங்கிக்குது" என்றார் அப்பா.

"அதுக்குக் காலு மொளச்சிருக்குதுங்களா?"

"பெரியவிய வந்தா எறக்கறது பழக்கம் அம்மிணி. பண்ணாடி கேட்டாரா? இல்ல. சட்டம் கேட்டுதா? இல்ல. என்ற கை கேக்குது. அதுங்கிட்டப் போயி என்ன பண்டறது?"

அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது. சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடுவார்.

டிராக்டர் எப்படி வந்தது என்று சொல்கிறேன். எங்களைப் போல நிலம் கிடைத்த நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு பழைய டிராக்டரை வாங்கியிருந்தார்கள். அம்மாவின் தம்பி, என் மாமா, அதை ஓட்டிக்கொண்டிருந்தார். லீவு நாட்களில் நானும் கூடவே போய், அவர் பக்கத்தில் மட்கார்டில் உட்கார்ந்து, கெஞ்சிக் கூத்தாடி ஓட்டக் கற்றுக்கொண்டேன். பிறகு மாமா கல்ஃபுக்குப் போய்விட்டார். அவருக்குப் பின் வந்த டிரைவர்கள் ஒருவர்கூட நிலைக்கவில்லை. கஞ்சிக்கோட்டில் ஏதாவது ஒரு ஃபேக்டரியில் இடம் கிடைத்ததும் சாவியை வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டு நல்ல மழை பெய்து வயலெல்லாம் தண்ணீர் நிற்கும்போது ஓட்ட ஆளில்லாமல் டிராக்டர் கொட்டகையில் நின்றது. நாற்று வளர்ந்துகொண்டிருந்தது. ஒரு காலையில் நானே ஏறி ஸ்டார்ட் செய்தேன்.

ஒரு பெண் டிராக்டர் ஓட்டினால் ஊர் சும்மா இருக்குமா? டீக்கடைப் பக்கமாக வண்டி போனால், "ஓரம் போங்கடா, காலேஜ் வருது!" என்பார்கள். "பரிச்சைல பெயிலானாத்தான் உழவுக்கு உடுவாங்க, இவுங்கூட்டுல பாசானதுக்கே உட்டுட்டாங்க" என்று ஒரு கிழவர் சொல்லியிருக்கிறார். கேட்காத மாதிரி போவேன். பல சமயம் உண்மையாகவே கேட்காது. அந்த வண்டியின் சத்தம் அப்படி.

சைலன்சர் பாதி துருப்பிடித்து உடைந்துபோன வண்டி அது. ஒரு பகல் முழுக்க ஓட்டிவிட்டு இறங்கினால் காதுக்குள் கொய்ங் என்று ஒரு சத்தம் தூங்கும்வரை நிற்காது. வீட்டில் நான் பேசுவது எல்லாம் கத்தலாகிவிட்டது. "ஏம்புள்ள, நானென்ன பொள்ளாச்சியிலயா இருக்கறன்? இந்தா, அடுப்புக்கிட்டத்தான் இருக்கறன்" என்பார் அம்மா. எனக்கு அது கோபமாக வரும். பிறகு ஒருநாள் வாசலில் மழை பெய்வது தெரியாமல் உள்ளே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். காய்ந்த துணியெல்லாம் நனைந்த பிறகுதான் பார்த்தேன். ஓட்டு வீட்டில் மழைச் சத்தம் கேட்காமல் போகுமா? அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது.

அந்த வருடம்தான் மாமா லீவில் வந்தார். அம்மாவுக்கு ஒரு பளபளக்கும் சேலை, அப்பாவுக்கு டார்ச் லைட். எனக்கு ஒரு அட்டைப்பெட்டி. திறந்து பார்த்தால் மஞ்சள் நிறத்தில் இரண்டு பிளாஸ்டிக் கிண்ணங்கள். ஓரத்தில் மெத்து மெத்தென்று ரப்பர். இரண்டையும் சேர்க்க நடுவில் ஒரு வில். ஒரு கிண்ணத்தின் மேல் இரண்டு சின்னத் திருகுகள்.

"தலையில வெக்கறதா, இடுப்புல கட்டறதா?" என்று அம்மா கேட்டார்.

மாமா அதை என் தலையில் மாட்டிவிட்டார். உடனே உலகம் அணைந்த மாதிரி இருந்தது. அம்மாவின் வாய் அசைந்தது, கோழி ஓடியது, எதற்கும் சத்தம் இல்லை. மாமா ஒரு திருகைத் திருப்பினார். என் தலைக்குள் ஒரு சினிமாப் பாட்டு!

நான் துள்ளியதைப் பார்த்து அம்மா பயந்துவிட்டார். கழற்றி அம்மா காதில் வைத்தேன். "ஆருடா அது உள்ளார?" என்று அவர் கத்தியதும் தெருவே சிரித்தது.

"எங்க சைட்டுல இத மாட்டாம மிசினுகிட்டப் போனா ஃபோர்மேன் தொரத்தி உட்ருவான் அம்மிணி" என்றார் மாமா. "மொதல்ல நானும் சிரிச்சேன். இப்ப என்ற எடது காதுல எந்நேரமும் சில்வண்டு கத்துது. எனக்குப் போனது போச்சு. உனக்குப் போகக்கூடாது. சும்மா காத அடச்சா நீ கழட்டி வீசிருவேன்னுதான் பாட்டு வெச்சதாப் பாத்து வாங்குனன்."

மறுநாள் அதை மாட்டிக்கொண்டு வயலில் இறங்கினேன். அடடா, அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வது! அந்த முரட்டு வண்டி பக்கத்து ஊரில் எங்கோ ஓடுவது போல ஆகிவிட்டது. அந்த ரேடியோவில் ஒரு வேடிக்கை இருந்தது. வயலின் நீளவாக்கில் ஓட்டினால் தமிழ்ப் பாட்டு தெளிவாகக் கேட்கும். குறுக்குவாக்கில் திரும்பினால் அது மங்கி, மலையாளச் செய்தி வந்து ஏறிக்கொள்ளும். மறுபடி நேரே திரும்பினால் பாட்டு. வயலை உழுது முடிக்கிறதற்குள் இரண்டு மொழியிலும் ஊர் நடப்பு தெரிந்துவிடும்.

டீக்கடை புதிதாக ஒன்று கண்டுபிடித்தது. "டிராக்டர் புள்ள காதுல தேங்காத்தொட்டி!" இந்தத் தடவை உண்மையாகவே எனக்குக் கேட்கவில்லை. அம்மா வந்து சொல்லித்தான் தெரியும்.

ஆனால் முதல் நாளே ஒரு கஷ்டம் புரிந்தது. எங்கள் பக்கம் வயல் வேலை என்றாலே கூவல்தான். இந்த வரப்பில் இருந்து 'ஓவ்' என்றால் அந்த வரப்பில் இருந்து 'ஓவ்' வரும். சோறு வந்தாலும், மாடு போனாலும், மடை உடைந்தாலும் கூவல்தான். எனக்கோ ஒன்றும் கேட்கவில்லை. நான் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தபோது முதுகில் பொத்தென்று ஏதோ விழுந்தது. சேற்று உருண்டை. திரும்பிப் பார்த்தால் அப்பா அடுத்த உருண்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வண்டியை நிறுத்தி, காதுமூடியைக் கழற்றி, "என்னங்கப்பா?" என்று பதறினேன்.

"சோறு வந்துருச்சு" என்றார்.

சாப்பிடும்போதே ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். கையைக் காட்டினால் போதாது. அப்பா பேசும்போதே இரண்டு கையும் ஆடும், கொக்கை விரட்டவும் ஆடும், எது எனக்கு என்று தெரியாது. அதனால் துண்டு என்று முடிவு செய்தோம். ஈரோட்டுச் சிவப்புத் துண்டு, பச்சை வயலில் எவ்வளவு தூரத்திலும் தெரியும். அப்பா எப்போதும் எனக்கு எதிர் வரப்பில், நான் பார்க்கும்படி நிற்க வேண்டும். வண்டிக்குப் பின்னால் நடப்பதை அவர்தான் பார்க்க வேண்டும், என் கண் முன்னால்தான் இருக்கும். துண்டு தோளில் கிடந்தால் நான் ஓட்டிக்கொண்டே இருப்பேன். துண்டு தலைக்கு மேலே சுழன்றால், எதற்கு ஏன் என்று யோசிக்காமல் அந்த நொடியே நிறுத்த வேண்டும்.

"சோத்துக்கும் சுத்தலாமா?" என்று அப்பா கேட்டார்.

"சோத்துக்குத்தான் மொதல்ல சுத்தோணும்" என்றார் அம்மா.

இப்படியே சில நாட்கள் நன்றாகப் போயின. நாங்கள் மூன்று பேருமே அந்த ஏற்பாட்டில் பெருமைப்பட்டுக்கொண்டோம். பண்ணாடியை மட்டும் யாரும் நினைக்கவில்லை.

அன்றைக்குக் காலையில் மழை விட்டிருந்தது. மலையில் பாறைகளுக்கு நடுவே அருவிகள் வெள்ளைக் கோடுகளாக இறங்கிக்கொண்டிருந்தன. கீழ்வயலில் கடைசிச் சேற்று உழவு. சேற்றில் ஓட்டும்போது டிராக்டரின் பின்சக்கரங்களோடு இரும்புக் கூண்டு மாதிரி பெரிய சக்கரங்களைக் கோத்துக்கொள்வார்கள். கேஜ் வீல் என்று பெயர். அதன் பட்டைகள் ஒவ்வொன்றும் மண்வெட்டி போல மண்ணைக் கொத்திப் புரட்டும். எதிர் வரப்பில் அப்பா. எனக்குப் பின்னால், தூரத்தில், அம்மா கோரைக்கிழங்குகளைப் பொறுக்கி வரப்பில் எறிந்துகொண்டு வந்தார். கேஜ் வீல் பக்கம் வரவே கூடாது என்று அம்மாவிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். நூறு தடவையும் "எனக்கென்ன பைத்தியமா?" என்பார்.

அம்மாவுக்குப் பைத்தியம் இல்லைதான். ஆனால் விரால் மீனைக் கண்டால் அம்மாவுக்கு எதுவும் நினைவில் நிற்காது. சேற்றைக் கலக்கினால் மீன் துள்ளும். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு வலை வேண்டாம். முந்தானையை அவிழ்த்து, இரண்டு கையாலும் விரித்து, மீன்மேல் போட்டு அமுக்கிவிடுவார்கள்.

நான் நீளவாக்கில் வந்துகொண்டிருந்தேன். ரேடியோவில் பாட்டு முடிந்து, கோழிகளுக்கு வரும் வெள்ளைக் கழிச்சலைப் பற்றி ஒரு அம்மா பேச ஆரம்பித்தார். அப்போதுதான் அப்பாவின் பின்னால், வரப்பில், கறுப்புக் குடை தெரிந்தது. அப்பா திரும்பிப் பார்த்தார். துண்டு இறங்கியது. கக்கத்துக்குள் போனது. முதுகு வளைந்தது.

எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. வண்டி மெதுவாக அவர்களை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பண்ணாடி ஏதோ சொல்ல, அப்பா தலையை ஆட்டினார். சிவப்பு இல்லாத அந்தத் தோளையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். 'இன்னைக்கு ராத்திரி இதுக்கு ஒரு முடிவு கட்டணும்' என்று மனதுக்குள் பேசிக்கொண்டே வந்தேன். அந்த நேரத்தில் என் பின்னால் என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியாது. அம்மா கூவியிருக்கிறார். கூவல் எனக்கு எப்படிக் கேட்கும்? கோழிக்கு மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள் என்று காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அப்பா எதேச்சையாக வண்டிப் பக்கம் திரும்பினார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். வாய் அகலத் திறந்தது. வலது கை சட்டென்று தோளுக்குப் போனது. அங்கே துண்டு இல்லை. வெறும் தோளைத் தடவி, மறுபடி தடவி, அந்தக் கை தேடியதை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். பிறகு கக்கத்திலிருந்து துண்டை உருவினார். பண்ணாடி அவருக்குப் பக்கத்தில், ஒரு கை தூரத்தில் நிற்கிறார். அப்பா ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தார். அடுத்த கணம் துண்டு தலைக்கு மேலே எழுந்து சுழன்றது. காலையிலிருந்து வியர்வையும் சேறும் துடைத்த ஈரத் துண்டு. ஒரு சுற்று, இரண்டு சுற்று. பண்ணாடியின் குடை பின்னால் சாய்ந்தது. நான் கிளட்சை மிதித்து எஞ்சினை அணைத்தேன்.

காதுமூடியைக் கழற்றியதும் அம்மாவின் குரல்தான் முதலில் கேட்டது. குதித்து இறங்கி ஓடினேன். அம்மா சேற்றில் முட்டி போட்டுக் கிடந்தார். சேலை முந்தானை கேஜ் வீலில் சுற்றி, சுற்றி, இடுப்புவரை இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு கையால் சேறோடு சேர்த்து மண்ணைப் பிடித்திருந்தார். இன்னொரு கை அந்த இரும்புப் பட்டையை ஒட்டி இருந்தது. வண்டி இன்னும் கொஞ்சம் நகர்ந்திருந்தால்... அதை இப்போதும் எழுத முடியவில்லை.

அப்பா வரப்பிலிருந்து விழுந்தடித்துக்கொண்டு வந்தார். இடுப்பில் இருந்த அரிவாளால் சேலையை அறுத்தார். அவருடைய அவசரத்தில் எங்கே அம்மாவையும் அறுத்துவிடுவாரோ என்று நான் அரிவாளைப் பிடித்துக்கொண்டேன். அம்மா விடுபட்டார். கணுக்காலில் சிராய்ப்பு, முழங்கையில் ரத்தம், அவ்வளவுதான். சேலை பாதி வண்டியோடு போய்விட்டது. அப்பா அந்தச் சிவப்புத் துண்டை அம்மாவின் தோளில் போர்த்தினார்.

அம்மா மூச்சு வாங்கினார். எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு சேற்றைப் பார்த்தார்.

"அந்த விராலு எங்க போச்சு?" என்றார்.

அப்பா அப்படியே சேற்றில் உட்கார்ந்து அழுதார். நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியாது.

நிமிர்ந்து பார்த்தால் பண்ணாடி வரப்பில் அதே இடத்தில் நின்றிருந்தார். வெள்ளை வேட்டியிலும் சட்டையிலும் கன்னத்திலும் சேற்றுப் பொட்டுகள். அப்பாவும் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "பண்ணாடி தப்பா நெனைக்கக்கூடாதுங்க. மேல பட்டிருச்சுங்க" என்றார். அவர் கை பழக்கமாகத் தோளுக்குப் போனது. துண்டு அங்கே இல்லை. அம்மாவின் மேல் இருந்தது. இறக்குவதற்கு ஒன்றும் இல்லாமல் அந்தக் கை சும்மா திரும்பி வந்தது.

"மொதல்ல என்னையத்தான் அடிக்க வாறீனு நெனச்சன்" என்றார் பண்ணாடி. கன்னத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டே, "பொம்பளப்புள்ளயக் கொண்டி வண்டி ஓட்ட உட்டா இப்பிடித்தானாகும்" என்றும் சொன்னார்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ. "வண்டி நின்னுதுங்களே பண்ணாடி. துண்டு சுத்துன அந்த நிமிசமே நிறுத்தினனுங்க. துண்டு தோள்லயே இருந்திருந்தா இன்னும் வெரசா நின்னிருக்கும்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. காதுமூடியைக் காட்டினேன். அதை மாட்டினால் எனக்கு எதுவும் கேட்காது என்றும், அப்பாவின் துண்டுதான் எனக்குக் காது என்றும் சொன்னேன். "நீங்க வந்தீங்கன்னு அப்பா அதைக் கக்கத்துல வெச்சுட்டாருங்க. அம்மா கூப்பிட்டப்ப எனக்குக் காதில்லாமப் போச்சுங்க."

"அம்மிணி, போதும்" என்று அப்பா அதட்டினார்.

பண்ணாடி அப்பாவின் வெறும் தோளைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். குடையை நிமிர்த்திக்கொண்டு வந்த வழியே போய்விட்டார். அவர் எதற்காக வந்தார் என்பதே அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது.

அந்த வாரத்திலேயே தெரிந்தது. அவருடைய காரியஸ்தர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பண்ணாடியிடம் மிச்சமிருந்த வயல்களை உழவேண்டுமாம். அவருக்கு வழக்கமாக உழும் வாடகை டிராக்டரின் டிரைவரும் கஞ்சிக்கோட்டுக்குப் போய்விட்டாராம். நாற்று முற்றிக்கொண்டிருக்கிறது, டிராக்டர் வருமா என்று அன்றைக்கே கேட்கத்தான் அவர் வரப்பில் வந்திருக்கிறார்.

அப்பா உடனே "அதுக்கென்னுங்க, வருமுங்க" என்றார்.

நான் குறுக்கே புகுந்தேன். "வருமுங்க. ஆனா ஒண்ணு. எங்கப்பா வரப்புல நிப்பாரு. ஆரு வந்தாலும் அவுரு தோள்ல துண்டு கெடக்கும். எறக்க மாட்டாரு. அதுக்குப் பண்ணாடி சம்மதிச்சா நாளைக்கே வாறமுங்க."

காரியஸ்தர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதப் போயி நான் அவுருகிட்ட எப்பிடிம்மா சொல்றது?"

"அவுருக்குத் தெரியுமுங்க. சும்மா சொல்லுங்க."

அவர் போனதும் அப்பா என்னை முறைத்தார். அம்மாதான், காலில் மஞ்சள் பற்றோடு உட்கார்ந்துகொண்டு, "ஏனுங்க, நீங்க சுத்தாம உட்டிருந்தா இப்ப நான் இங்க இருப்பனா? பேசாம போங்க" என்றார். மறுநாள் காலையில் அம்மா, துவைத்துக் காயவைத்திருந்த அந்தச் சிவப்புத் துண்டைத் தானே அப்பா தோளில் போட்டுவிட்டார். காரியஸ்தரிடமிருந்து 'வரச் சொன்னார்' என்ற ஒரே பதில்தான் வந்திருந்தது.

பண்ணாடியின் வயலில் அவருடைய ஆட்கள் ஏழெட்டுப் பேர் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லோருடைய துண்டும் இடுப்பில். நான் காதுமூடியை மாட்டினேன். ரேடியோவைத் திருகவில்லை. அன்றைக்கு எனக்குப் பாட்டு வேண்டியிருக்கவில்லை. எதிர் வரப்பில் அப்பா நின்றார். சிவப்பு தெரிந்தது. வண்டியை எடுத்தேன்.

வெயில் ஏறும்போது குடை வந்தது.

நான் அப்பாவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். கை தோளுக்குப் போனது. துண்டைப் பிடித்தது. அந்தக் கை துண்டைக் கீழே இழுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கழுத்துப் பக்கமாக இழுத்து, நழுவாதபடி சரியாகப் போட்டுக்கொண்டது. முதுகு நேராக இருந்தது. அப்பா என்னவோ சொன்னார், "வாங்க பண்ணாடி" என்றுதான் சொல்லியிருப்பார். வரப்பு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் மண்வெட்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

பண்ணாடி அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றார். அவருடைய குடை அப்பாவை எனக்கு மறைத்துவிட்டது. அப்பா தெரியாமல் வண்டி நகரக்கூடாது. கீழ்வயலில் நடந்ததற்குப் பிறகு நாங்கள் சேர்த்துக்கொண்ட ஏற்பாடு அது. நான் கிளட்சை மிதித்து வண்டியை நிறுத்தினேன். காதுமூடியைக் கழற்றவில்லை. இருந்த இடத்திலிருந்தே கையைத் தூக்கி, கொஞ்சம் தள்ளி நிற்கும்படி காட்டினேன். ஊரில் அதுவரை பண்ணாடியை யாரும் கையைக் காட்டித் தள்ளி நிற்கச் சொன்னதில்லை. அவர் என்னைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். அவர் தோளைப் பார்த்தார். பிறகு வரப்பிலிருந்து ஒரு அடி கீழே இறங்கி, குடையை மடக்கிக்கொண்டு, வெயிலில் நின்றார்.

அப்பாவின் சிவப்பு மறுபடி எனக்குத் தெரிந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வரும் வழியில் மட்கார்டில் உட்கார்ந்துகொண்டு வந்த அப்பா என் காதுமூடியைத் தட்டினார். கழற்றினேன்.

"பண்ணாடி தள்ளி நின்னப்ப என்ன சொன்னாரு தெரியுமா?" என்றார். "'உன்ற புள்ளைக்கு என்னடா இத்தன திமிரு?'ன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"படிச்ச புள்ளைங்கன்னு சொன்னன்" என்றார் அப்பா. சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் காது நுனி வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. பண்ணாடியின் ஆட்களில் சிலர் இப்போது துண்டைத் தோளிலேயே போட்டுக்கொள்கிறார்கள். அது எங்களால்தான் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் அவர்கள் சொல்கிறார்கள். டீக்கடையில் தேங்காத்தொட்டிப் பேச்சு நின்றுவிட்டது. போன மாதம் அங்கேயே ஒருவர், தன் காதிலும் வண்டு கத்துவதாகவும், மாமாவிடம் சொல்லித் தனக்கும் ஒன்று வாங்கித் தர முடியுமா என்றும் ரகசியமாகக் கேட்டார். அம்மா இப்போது முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டுதான் வயலில் இறங்குகிறார். விராலைப் பிடிக்க மட்டும் கூடை கொண்டுவருகிறார். காதுமூடியின் ரேடியோ மழையில் நனைந்து கெட்டுவிட்டது. மாமா சரிசெய்து தருவதாக எழுதியிருக்கிறார். அவசரமில்லை என்று பதில் போட்டிருக்கிறேன். பாட்டு இல்லாவிட்டாலும் எனக்கு அது போதும். அதை மாட்டி உலகத்தின் சத்தம் எல்லாம் அடங்கியதும், ஒவ்வொரு காலையிலும் நான் முதலில் தேடுவது அப்பாவின் தோளைத்தான். அங்கே சிவப்பைப் பார்த்த பிறகுதான் வண்டியை நகர்த்துகிறேன்.